சுவருக்கு வெளியே ஒரு நகரம்: கறுப்பினக் குடும்ப நாடகம் ஒன்று திரைக்கு வந்த வரலாறு



நாடகத்தைத் திரைப்படமாக்குவது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. ‘வேலைக்காரி’யும் ‘பராசக்தி’யும் மேடையில் கைதட்டல் பெற்ற பின்னரே திரைக்கு வந்தன. அத்தகைய படங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வசனத்தைப் பற்றியே பேசுகிறோம். மேடையில் ஒலித்த சொல் திரையிலும் அதே வலிவோடு ஒலித்ததா என்பதே நம் கேள்வியாக இருந்துவருகிறது. இன்று வேறொரு கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். மேடையில் காட்ட இயலாத இடங்களையெல்லாம் காட்டும் வாய்ப்புத் திரையில் கிடைக்கிறது. அவற்றுள் எந்த இடத்தைக் காட்டுவது? அதை முடிவு செய்பவர் யார்?

இதற்கு விடை தேட அமெரிக்க நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய ‘எ ரெய்சின் இன் த சன்’ என்பது அதன் பெயர். ‘வெயிலில் ஓர் உலர்திராட்சை’ என்று தமிழில் சொல்லலாம். லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய ‘ஹார்லெம்’ என்னும் கவிதையிலிருந்து எடுக்கப்பட்ட தொடர் அது. 1959ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராட்வே அரங்கில் இந்நாடகம் முதன்முதலாக மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேக்கு வந்தது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு வயது 28. இயக்கிய லாய்டு ரிச்சர்ட்ஸும் கறுப்பினத்தவரே. 530 முறை நடிக்கப்பெற்ற அந்நாடகம் அவ்வாண்டின் சிறந்த நாடகத்துக்கான நியூயார்க் விமர்சகர் வட்டப் பரிசையும் பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், கொலம்பியா நிறுவனம் அதைத் திரைப்படமாக வெளியிட்டது. திரைக்கதையை எழுதியவரும் ஹான்ஸ்பெரியே.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகாகோ நகரின் தென்பகுதியில் யங்கர் குடும்பத்தார் ஐவர் ஒரு சிறிய குடியிருப்பில் வாழ்கின்றனர். தாய் லீனா, வெள்ளையர் வீடுகளில் வேலை செய்பவர். மகன் வால்ட்டர் லீ, செல்வர் ஒருவரின் காரோட்டி. மருமகள் ரூத், பேரன் ட்ராவிஸ், மருத்துவராக வேண்டும் என்று படிக்கும் மகள் பெனீதா ஆகியோர் மற்றவர்கள். காலமான தந்தையின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் வரவிருக்கிறது. மகனுக்கு மதுக்கடை வைக்க ஆசை. தாயோ 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி, வெள்ளையர் வாழும் பகுதியில் ஒரு வீட்டை வாங்குகிறார். எஞ்சியதை மகனை நம்பி ஒப்படைக்கிறார். அவனுடைய கூட்டாளி அப்பணத்தோடு ஓடிவிடுகிறான். அந்த வேளையில், புதிய வீட்டுக்கு வராமலிருந்தால் கூடுதல் பணம் தருகிறோம் என்று அப்பகுதி வெள்ளையர் சங்கத்தின் சார்பில் லிண்ட்னர் என்பவர் மிகவும் பணிவாகப் பேச வருகிறார். வால்ட்டர் அப்பணத்தை வாங்கிக்கொள்ள முதலில் துணிகிறான். இறுதியில், தன் மகன் பார்த்துக்கொண்டிருக்க, மறுத்துவிடுகிறான். குடும்பம் வீடு மாறுகிறது.

இத்தனையும் ஒரே அறையில் நடக்கின்றன. கூடமும் சமையலிடமும் ஒன்றே. சிறுவன் உறங்குவது கூடத்து நீள்இருக்கையில். குளியலறை நடைக்கூடத்தில் இருக்கிறது. அதை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். வெளிச்சம் வருவதற்கு ஒரே ஒரு சிறிய சன்னல். அதனருகே லீனா ஒரு செடியை வளர்க்கிறார். இத்தகைய வாழ்க்கையைத் தமிழில் ஒண்டுக்குடித்தனம் என்போம். கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ பார்த்தவர்களுக்கு அச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. அதுவும் மேடையிலிருந்து திரைக்கு வந்த கதையே. ஆனால், சிகாகோவின் ஒண்டுக்குடித்தனத்துக்கு வறுமை மட்டும் காரணமன்று. ஒரு வட்டாரத்தின் வீட்டுரிமையாளர்கள் ஒன்றுகூடி, கறுப்பினத்தவருக்கு விற்கமாட்டோம், வாடகைக்கும் விடமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் அந்நகரில் நடைமுறையில் இருந்தன. நீதிமன்றங்களும் அவற்றைச் செயல்படுத்தித் தந்தன. தென்மாநிலங்களிலிருந்து வந்து குவிந்த மக்கள் ஒரு குறுகிய நிலப்பரப்புக்குள் அடைபட்டனர். பெரிய வீடுகளைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு குடும்பத்துக்கு உயர்ந்த வாடகைக்கு விட்டனர். அந்த மேடை அறையின் நான்கு சுவர்களையும் எழுப்பியவர்கள் கொத்தனார்கள் மட்டுமல்லர். ஒப்பந்தம் எழுதியவர்களும் தீர்ப்பு எழுதியவர்களும் அதில் சேர்த்தி.

ஹான்ஸ்பெரி இதை நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1937இல் அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி, அத்தகைய ஒப்பந்தம் நிலவிய ஒரு பகுதியில் வீடு வாங்கினார். வெள்ளையர் கூட்டம் வீட்டைச் சூழ்ந்தது. எறியப்பட்ட கல் ஒன்று சிறுமியான லொரெய்னின் தலையை மயிரிழையில் தவறவிட்டது. தந்தை வழக்குக்காக அலைந்த காலத்தில் தாய் இரவெல்லாம் கைத்துப்பாக்கியுடன் வீட்டைக் காவல் காத்ததாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1940இல் தீர்ப்பு ஹான்ஸ்பெரி குடும்பத்துக்குச் சார்பாகவே வந்தது. எனினும் முந்தைய வழக்கொன்றின் முடிவு இவர்களைக் கட்டுப்படுத்தாது என்ற சட்டநுணுக்கத்தின்மேல் எழுந்த வெற்றி அது. ஒப்பந்தமுறை அசையவில்லை. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் செயல்படுத்தக்கூடாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது. தந்தை அதற்கு முன்பே, 1946இல், மெக்சிகோவில் காலமாகிவிட்டார்.

இந்தப் பின்புலத்தோடு திரைக்கதைக்கு வருவோம். நாடகத்தைப் படமாக்குவோர் பொதுவாகக் கூறும் அறிவுரை ஒன்று உண்டு: ‘கதையை அறையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள், இல்லையேல் படம் மேடையைப் போலவே இருக்கும்’ என்பது. மூச்சுவிட இடம் வேண்டும் என்பதற்காக ஒரு கடற்கரை, ஒரு பூங்கா, ஒரு தெரு. கதைக்குத் தேவையோ இல்லையோ, கண்ணுக்கு மாறுதல். நம் படங்களிலும் இதைக் கண்டிருக்கிறோம். ஹான்ஸ்பெரியும் வெளியே செல்லத்தான் விரும்பினார். ஆனால் அவர் சென்ற வழி வேறு. அவ்வறை ஏன் அப்படி இருக்கிறது என்பதைக் காட்டும் இடங்களுக்கே அவர் கேமராவை அழைத்துச் சென்றார்.

அவர் புதிதாக எழுதிய காட்சிகள் சிலவற்றைச் சொல்கிறேன். லீனா தாம் வேலை செய்யும் வெள்ளையர் வீட்டில் இருக்கும் கடைசி நாள். வேறொருவரின் குழந்தையைப் பேணும் அவர் கைகள். தம் பகுதிக் கடையில் அவர் ஆப்பிள் வாங்கச் செல்கிறார். பழங்கள் நன்றாக இல்லை. கேட்டால் கடைக்காரரிடமிருந்து இளக்காரமே விடையாக வருகிறது. நல்ல பழத்துக்காக அவர் வேறிடம் தேடிப் போகிறார். வால்ட்டர், மதுக்கடை நடத்தும் வெள்ளையர் ஒருவரிடம் தொழில் பற்றி விசாரிக்கிறான். அவரோ இத்தொழிலின் தொல்லைகளைச் சொல்லிப் புலம்புகிறார். அவருக்குத் தொல்லையாகத் தெரிவது இவனுக்குக் கனவாக இருக்கிறது. தெருமுனையில் ஒருவர் கறுப்பின மக்களின் நிலை பற்றி முழங்க, வால்ட்டர் கூட்டத்தில் நின்று கேட்கிறான்.

இவற்றுள் ஆப்பிள் காட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. சட்டம் பற்றிய பேச்சே இல்லை. ஒரு மூதாட்டி பழம் பொறுக்குகிறார், அவ்வளவே. ஆனால் அதைக் கண்டபின், அவர் ஏன் தம் மகனிடம்கூடக் கலந்து பேசாமல் நெடுந்தொலைவில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினார் என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. மேடையில் இதை ஒரு நீண்ட பேச்சால்தான் உணர்த்த முடியும். திரையில் சில நிமிடங்கள் போதும்.

இக்காட்சிகள் படத்தில் இடம்பெறவில்லை. இன அரசியல் மிகுந்துவிடும், வெள்ளைப் பார்வையாளரின் பரிவு குறைந்துவிடும் என்று தயாரிப்புத் தரப்பு அஞ்சியது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1961இல் ஒரு பெரிய நிறுவனம், பெரும்பாலும் கறுப்பின நடிகர்களையே கொண்டு ஒரு குடும்பக் கதையை எடுத்ததே அரிய செயல். மேடையில் நடித்த சிட்னி பாய்ட்டியர், க்ளாடியா மெக்நீல், ரூபி டீ, டயானா சாண்ட்ஸ் ஆகியோரையே திரையிலும் நடிக்கவைத்தனர். படம் 128 நிமிடம் ஓடுகிறது. நீளமும் ஒரு சிக்கல்தான். ஆயினும் எவை நீங்கின, எவை நின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தால் நீளம் மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. படமும் அறையைவிட்டு வெளியே வருகிறது. வால்ட்டர் குடிக்கும் மதுக்கூடத்தைக் காட்டுகிறது. குடும்பம் புதிய வீட்டைப் பார்க்கப் போவதைக் காட்டுகிறது. மாறுதல் தரும் வெளியிடங்கள் நின்றன. காரணம் சொல்லும் வெளியிடங்கள் போயின.

அதன் விளைவு என்ன? சினமும் தடுமாற்றமும் நிறைந்த வால்ட்டர், மதுக்கூடத்தில் காணப்படும்போது, அவனுடைய துன்பத்துக்கு அவனே காரணம் என்று தோன்றிவிடுகிறது. கடைக்காரரோடு அவன் பேசும் காட்சி இருந்திருந்தால் அவனுடைய ஆசை அத்துணை மூடத்தனமாகத் தோன்றியிராது.

இங்கே நடிப்பைப் பற்றியும் ஒரு சொல். மேடையில் ஐவரும் நம் கண்முன் இருப்பார்கள். யாரைப் பார்ப்பது என்பதை நாம் தேர்கிறோம். திரையில் அத்தேர்வை இயக்குநர் செய்துவிடுகிறார். இக்கதை தாயின் பார்வையில் நகர வேண்டுமா, மகனின் பார்வையில் நகர வேண்டுமா என்பதில் மேடை நாள்களிலேயே கருத்து வேறுபாடு இருந்ததைப் பாய்ட்டியர் தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். லிண்ட்னர்முன் மண்டியிடப்போவது எப்படி என்று வால்ட்டர் நடித்துக்காட்டும் கட்டத்தில், அவனைப் பார்ப்பதா, அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று பெண்களைப் பார்ப்பதா? வகுப்பில் இப்பகுதியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாணவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள்.

படத்தை இயக்கியவர் லாய்டு ரிச்சர்ட்ஸ் அல்லர்; கனடாவைச் சேர்ந்த வெள்ளையரான டேனியல் பெட்ரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெட்ரி கவனமாகவே செய்திருக்கிறார். ஆனால் இதே கேள்வியைப் பின்னாளில் ஒருவர் விடாப்பிடியாக எழுப்பினார். ஆகஸ்ட் வில்சன் என்னும் கறுப்பின நாடக ஆசிரியரின் ‘ஃபென்சஸ்’, அதாவது ‘வேலிகள்’, 1987இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதைப் பிராட்வேயில் இயக்கியவரும் அதே லாய்டு ரிச்சர்ட்ஸ். படமாக்கும் முயற்சி உடனே தொடங்கியது. கறுப்பினத்தவர் ஒருவரே இயக்க வேண்டும் என்றார் வில்சன். தோலின் நிறத்துக்காக அன்று, அப்பண்பாட்டை உள்ளிருந்து அறிந்தவர் வேண்டும் என்பதற்காக. ஆண்டுகள் உருண்டன. 2005இல் வில்சன் மறைந்தார். 2016இல் டென்சல் வாஷிங்டன் அதை இயக்கி நடித்தபோது, வில்சன் விட்டுச்சென்ற திரைக்கதையே பயன்பட்டது. பிட்ஸ்பர்க் நகரின் ஹில் வட்டாரத்திலேயே படப்பிடிப்பு நடந்தது. மேடையில் நாயகனும் நண்பனும் வேலை முடிந்து பேசிக்கொண்டே வருவார்கள். படமோ அவர்கள் குப்பை வண்டியில் தொங்கிச் செல்வதோடு தொடங்குகிறது. கறுப்பினத்தவர் குப்பை தூக்கலாம், வண்டி ஓட்டக்கூடாதா என்பதே அந்நாயகனின் முதல் வழக்கு. வண்டியைக் காட்டியதும் வழக்கு புரிந்துவிடுகிறது. பிறகு படம் பெரும்பாலும் வீட்டிலும் பின்கட்டிலுமே நிற்கிறது. மேடை வாடை அடிக்கிறது என்று சிலர் குறை கூறினர். எனக்கு அது குறையாகப் படவில்லை.

மீண்டும் ஹான்ஸ்பெரிக்கு வருகிறேன். 1959ஆம் ஆண்டு மேடையேற்றத்திலேயே ஒரு பாத்திரம் நீக்கப்பட்டது. திருமதி ஜான்சன் என்னும் அண்டை வீட்டுக்காரி. வம்பளக்கும் வாயாடி, சிரிப்பை வரவழைப்பவர். அவர் கையில் ஒரு செய்தித்தாளோடு வருகிறார். வெள்ளையர் பகுதிக்குக் குடிபெயர்ந்த கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குக் குண்டு வைத்த செய்தி அதில் இருக்கிறது. நாடகத்தின் நீளம் கருதி அவரை நீக்கினார்கள். 1961 படத்திலும் அவர் இல்லை. அவர் இல்லாதபோது இறுதிக்காட்சியைப் பலர் இன்பமுடிவாகவே எடுத்துக்கொண்டனர். செடியைக் கையிலேந்தி லீனா வெளியேறுகிறார். புது வீடு, புது வாழ்வு. அவர் இருந்தால், அதே செடி, அதே வாசல். ஆனால் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

1989இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக, டேனி குளோவரும் எஸ்தர் ரோலும் நடிக்க, பில் டியூக் இயக்கிய வடிவத்தில் திருமதி ஜான்சன் திரும்ப வந்தார். படமாகாத அந்த முழுத் திரைக்கதை 1992இல் நூலாக வெளிவந்தது. ஹான்ஸ்பெரி அதைப் பார்க்கவில்லை. 1965இல், 34 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. 1961 படமும் அந்நூலும் இன்று எளிதில் கிடைக்கின்றன. நாடகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டையும் அருகருகே வைத்து, ஆப்பிள் காட்சியிலிருந்து தொடங்கலாம்.