ஆணைக்கு அடங்காத பாட்டு

சப்பிரகமுவ மாகாணத்தின் இறப்பர்த் தோட்டங்களிலே முற்காலத்து லயங்களில் வாழ்ந்த தொழிலாளருட் பலருக்கு எழுத்தறிவு இல்லை. ஆயின் பாட்டு இருந்தது. தாலாட்டிலே தாய் தன் வறுமையைச் சொன்னாள். ஒப்பாரியிலே இழப்பைச் சொன்னாள். கங்காணியின் கடுமையும் துரையின் அதிகாரமும் அப்பாடல்களிலே ஏளனத்துக்கு ஆளாயின. மலையகமெங்கும் வழங்கிய இத்தகைய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். இவற்றைப் பாடுமாறு எவரும் ஆணையிட்டதில்லை.

இம்மாகாணம் பொதுவுடைமை அரசியலுக்கும் புதியதன்று. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயிலே கேகாலைப் பகுதி மக்களுக்குத் தொண்டாற்றிய என். எம். பெரேரா, 1936இல் ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர் சார்ந்த லங்கா சமசமாஜக் கட்சி, 1939இன் இறுதியில் ஸ்டாலினது வழியைக் கண்டித்துப் பிளவுற்றது. அப்பிளவு கலையைப் பற்றியதன்று. ஆயினும், ஸ்டாலினை எதிர்த்த டிராட்ஸ்கி, பிரெஞ்சுக் கவிஞர் பிரெத்தோனுடன் சேர்ந்து 1938இல் மெக்சிக்கோவில் வரைந்த அறிக்கை, கலைக்கு முழு விடுதலை வேண்டுமென்றே முழங்கியது.

அவ்வாறு முழங்க வேண்டிய தேவை யாது? 1934இல் மாஸ்கோவிற் கூடிய எழுத்தாளர் மாநாடு, சோஷலிச யதார்த்தவாதமே சோவியத் இலக்கியத்தின் நெறியென வகுத்தது. தொழிலாளியைப் பாடுவது தவறன்று. அவன் என்றும் மகிழ்ந்திருப்பதாகவே பாடவேண்டுமென்பதே இடராயிற்று. கவிஞர் அன்னா அக்மதோவாவின் மகன் சிறைப்பட்டான். லெனின்கிராட் சிறைவாயிலில் பதினேழு மாதங்கள் வரிசையில் நின்ற அத்தாய், தம் துயரைக் கவிதையாக்கினார். எழுதிய தாளை வைத்திருப்பது ஆபத்து. ஆதலால் நம்பிக்கைக்குரிய தோழியர் வரிகளை மனனம் செய்தனர், தாள்கள் தீக்கிரையாயின. 1946இல் அவர் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ‘இரங்கற்பா’ எனும் அக்கவிதை சோவியத் நாட்டிலே அச்சேறியது 1987இலேதான்.

ஏடறியாத தோட்டத்துப் பெண் பாட்டை நெஞ்சிலே காத்தாள். ஏடறிந்த கவிஞரும் அவ்வாறே காக்க நேர்ந்தது. முன்னவளுக்குக் கல்வி மறுக்கப்பட்டது; பின்னவருக்குக் காகிதமே பகையாயிற்று.

கலை மக்களுக்காக என்ற கொள்கை பழிக்கத்தக்கதன்று. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தார் உழைப்போர் வாழ்வை இலக்கியத்துக்குக் கொணர உழைத்தனர். ஆயின் மக்களின் பெயரால் எழுதுவோர், அம்மக்கள் தாமே பாடியதை முதலிற் கேட்டல் வேண்டும். லயத்துப் பாட்டிலே முறையீடு உண்டு, கண்ணீர் உண்டு, நகைப்பும் உண்டு. அம்மூன்றில் ஒன்றை மட்டும் பாடு என்று அரசு ஆணையிடுமாயின், எஞ்சிய இரண்டும் மீண்டும் நெஞ்சுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.