பாலக்கோடு தக்காளியில் பார்பிக்யூ சாஸ்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரி அடுப்பு வைத்துக் கோழியும் பன்னீரும் சுடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்குத் தொட்டுக்கொள்ள வாங்கும் அந்தக் கறுப்புச் சிவப்புச் சாஸ் பாட்டிலைப் பற்றி, "இதை வீட்டிலேயே செய்ய முடியாதா, இதில் என்னதான் போடுகிறார்கள்?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு தாயார் கேட்டார். வங்கியில் கணக்கு எழுதியவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். பாட்டில் லேபிளைப் படிப்பதும் ஐந்தொகையைப் படிப்பதும் ஏறக்குறைய ஒரே வேலைதான். பெரிய தொகை மேலே இருக்கும், மறைக்க வேண்டியது அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்புத் தர ஆணைய விதிப்படி, மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பல பாட்டில்களில் தக்காளிக்கு முன்னால் சர்க்கரையோ தண்ணீரோ இருக்கும். அதற்குக் கீழே எண்கள் வரும். ஐ.என்.எஸ். 211 என்றால் சோடியம் பென்சோயேட், கெட்டுப்போகாமல் வைக்க. 260 அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. 415 சாந்தன் கம், 1422 மாற்றப்பட்ட ஸ்டார்ச், இரண்டும் கெட்டியாக்க. இவை அனுமதிக்கப்பட்டவைதான், விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கெட்டித்தன்மை தக்காளியிலிருந்து வர வேண்டும், ஸ்டார்ச்சிலிருந்து அல்ல என்பது என் கட்சி.

இந்தச் சாஸ் அமெரிக்காவிலும் ஒரே மாதிரி கிடையாது. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும்தான். ரசம் மாதிரி தண்ணீராக இருக்கும். தென் கரோலினாவில் கடுகு அரைத்த மஞ்சள் சாஸ். அலபாமாவில் மயோனைஸ் போட்ட வெள்ளைச் சாஸ். நம் கடைகளுக்கு வருவது கான்சாஸ் சிட்டி வகை. தக்காளியும், கரும்புப் பாகின் கழிவான மொலாசஸும் சேர்ந்த, இனிப்பான, கெட்டியான சாஸ். இந்த வகையை ஊரெல்லாம் பரப்பிய கே.சி. மாஸ்டர்பீஸ் என்ற சாஸை 1977இல் தொடங்கியவர் ரிச் டேவிஸ் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர். ஆகவே வங்கிக்காரன் செய்தால் குற்றமில்லை.

அந்த கான்சாஸ் சிட்டி வகைக்கு என்னென்ன வேண்டும்? தக்காளி, கரும்பு இனிப்பு, புளிப்பு, காரம், புகை மணம். இப்போது நம் மாவட்டத்து வரைபடத்தை மனதில் விரியுங்கள். தக்காளிக்குப் பாலக்கோடு. வெல்லத்துக்குக் கடத்தூர். புளிக்கு நம் தருமபுரியே போதும். தை மாதத்திலிருந்து பங்குனி வரை எத்தனை ஊர்த் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து புளி அடித்துக் கொட்டை எடுக்கிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். புளிக்கும் இந்தச் சாஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பார்பிக்யூ சாஸில் அமெரிக்கர்கள் ஊற்றும் உஸ்டர்ஷயர் சாஸ் இங்கிலாந்தில் 1837இலிருந்து விற்பனையாகிறது. லீ, பெரின்ஸ் என்ற இரண்டு மருந்துக் கடைக்காரர்கள் தயாரித்தது. அதில் புளி உண்டு. நெத்திலி வகை மீனும் உண்டு. சைவம் சாப்பிடும் வீடுகள் இந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளவும். பாட்டிலில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். நேராகப் புளியையே கரைத்து ஊற்றினால் இந்தத் தொல்லையே இல்லை.

இனிச் செய்முறை. மூன்று கிலோ பழுத்த தக்காளி. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம், ஹைப்ரிட்டில் சதை அதிகம். இரண்டையும் பாதிப் பாதி போடுவது நல்லது. அடியில் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்துவிடுங்கள். அதில் நாலு தக்காளியையும், 300 கிராம் பெரிய வெங்காயத்தையும், 60 கிராம் பூண்டையும் தனியே எடுத்து, சுட்ட தக்காளித் துவையலுக்குச் சுடுவோமே, அப்படி வலைத்தட்டில் வைத்து நேரடித் தீயில் கருகச் சுடுங்கள். சாஸுக்குப் புகை வாசனையில் பாதி இங்கேயே வந்துவிடும். எல்லாவற்றையும் அரைத்து, வடிகட்டி, விதையை நீக்குங்கள்.

பாத்திரம் அடி கனமான எவர்சில்வர் அல்லது மண் சட்டி. அலுமினியம் வேண்டவே வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். இரும்பு வாணலியும் வேண்டாம், சாஸ் கறுத்து உலோக ருசி வரும். வெறும் பாத்திரத்தின் எடையை முதலில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். 80 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். 200 கிராம் வெல்லம், 25 கிராம் உப்பு, 15 கிராம் மிளகாய்த்தூள், மிளகும் கடுகும் பொடித்து ஆளுக்கு 8 கிராம், கொஞ்சம் சுக்கு, நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை. பட்டையையும் கிராம்பையும் துணியில் முடிந்து போட்டால் கடைசியில் எடுக்கச் சுலபம். வெல்லம் மட்டும் பளபளவென்று மஞ்சளாக இருப்பதை வாங்காதீர்கள். நிறம் வர 'ஹைட்ரோஸ்' போடும் வழக்கம் இருக்கிறது. கறுத்த வெல்லம்தான் இதற்கு ஏற்றது. மொலாசஸின் ருசி அதில்தான் இருக்கிறது.

சிறு தீயில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பாதிக்கு மேல் சுண்டியதும் எரிமலை மாதிரி தெறிக்கும், கையைச் சுடும். பாதி மூடி வைத்து, நீளக் கரண்டியால் கிளறுங்கள். பிள்ளைகளை அடுப்பருகே விட வேண்டாம். பதம் எப்படித் தெரியும்? ஒரு துளியைத் தட்டில் விட்டால் ஓரத்தில் தண்ணீர் பிரியக் கூடாது. இது பாட்டி காலத்து முறை. என் முறை தராசு. பாத்திரத்தோடு எடை போட்டு, சீட்டில் எழுதிய எடையைக் கழியுங்கள். உள்ளே ஒரு கிலோ நூறு கிராம் இருக்கும்போது 150 மில்லி வினிகரை ஊற்றி, மறுபடி கொதிக்கவிட்டு, ஒரு கிலோ இருநூறில் இறக்குங்கள். வினிகரைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் அதன் புளிப்பு ஆவியாகப் போய்விடும்.

மீதிப் புகைக்கு, கனன்ற தேங்காய்ச் சிரட்டைக் கரி ஒரு துண்டைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, சாஸின் மேல் மிதக்கவிட்டு, அரை ஸ்பூன் நெய் விட்டு, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மழை வந்துவிட்டது என்று மொட்டை மாடியில் இருந்த கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ, கண்ணாடி போட்டு அடைத்த பால்கனிக்குள்ளோ தூக்கி வராதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், மயக்கம் வரும், தூங்கிவிட்டதாக நினைப்போம். புகை நின்று கரி சிவந்து கனலும் நேரத்தில்தான், 'இனி ஆபத்தில்லை' என்று பலர் உள்ளே கொண்டு வருகிறார்கள். அந்த நேரத்திலும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும். மழை வந்தால் அடுப்பு நனையட்டும், கோழி பாதியில் நிற்கட்டும். அடுத்து, அடுப்பைப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் சோலார் தகடுகளிலிருந்தும் நன்றாகத் தள்ளி வைக்கவும், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கவும் சங்கம் ஒரு விதி போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கெட்டுப்போவது பற்றி. வெளிநாட்டு வீடியோ பார்த்துச் செய்து, பாட்டிலில் அடைத்து, அலமாரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தக்காளி நாம் நினைக்கிற அளவு புளிப்பானதல்ல. சில பழங்களில் அமிலத்தன்மை எண் 4.6ஐத் தாண்டிவிடும். அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால்தான் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமி வளராது. புளியும் வினிகரும் ருசிக்கு மட்டும் அல்ல, இந்தக் காவலுக்கும்தான். "எனக்குப் புளிப்பு பிடிக்காது" என்று அவற்றைக் குறைக்காதீர்கள். அளவு குறையாமல் போட்டதை நான் சோதனைத் தாளில் பார்த்தபோது 4க்குக் கீழே இருந்தது. கண்ணாடிப் பாட்டிலைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, சாஸ் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே ஊற்றி மூடி, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மூடி உப்பினாலோ, திறக்கும்போது புஸ்ஸென்றாலோ, ருசி பார்க்காமல் கொட்டிவிடவும். பாதுகாப்பு மருந்து போடாத பொருளை அலமாரியில் வைக்கும் உரிமை நமக்கில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். தக்காளி கிலோ 15 ரூபாய் என்றால் மூன்று கிலோ 45. வெங்காயம் 12, பூண்டு 15, புளி 16, வெல்லம் 12, வினிகர் 12, மசாலா 20, எரிவாயு 13. மொத்தம் 145 ரூபாய். கிடைப்பது ஒரு கிலோ இருநூறு கிராம். நூறு கிராம் சுமார் 12 ரூபாய். இதில் உங்கள் இரண்டு மணி நேரக் கூலி இல்லை. அதைச் சேர்த்தால் இது நஷ்டக் கணக்கு. அதைச் சேர்க்காமல் லாபம் காட்டுவதுதான் நம் வீடுகளில் பெண்களின் உழைப்பை வைத்து நாம் நெடுநாளாக எழுதிவரும் பொய்க் கணக்கு. ஆகவே ஐயாமார்களே, கிளறுவது உங்கள் முறை.

தக்காளி எப்போதும் 15 ரூபாய்க்குக் கிடைக்காது. 2023 ஜூலையில் நூறைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது. அந்த விலையில் சாஸ் செய்யாதீர்கள். விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் நடுகிறார்கள், இரண்டரை மாதத்தில் எல்லார் தோட்டமும் ஒன்றாகப் பழுக்கிறது, பறிகூலியும் வண்டி வாடகையும் விலையைத் தாண்டுகிறது, பழம் செடியிலேயே அழுகுகிறது. பாலக்கோடு பக்கம் சாலையோரம் கொட்டிக் கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அப்படி விலை விழும் வாரத்தில், சங்கம் மூலம் நேராகப் போய்ப் பெட்டிக் கணக்கில் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். நாற்பது வீடு சேர்ந்தாலும் 120 கிலோதான். ஒரு லாரி லோடுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? விவசாயிக்கு உதவினோம் என்று போட்டோ போட வேண்டாம். லாபம் நமக்குத்தான். மண்டியில் கேட்கும் விலைக்கு மேல் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தால் அது நியாயம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு சொல். "வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே" என்ற பேச்சை நம் வளாகத்தில் அடிக்கடி கேட்கிறேன். குளுக்கோமீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நான் சொன்ன அளவில் தக்காளியின் இனிப்பையும் சேர்த்து நூறு கிராம் சாஸில் ஏறக்குறைய 22, 23 கிராம் சர்க்கரை இருக்கிறது. கடைச் சாஸ் பலவற்றில் 30க்கு மேல். நம்முடையது குறைவு, இல்லாதது அல்ல. ஒரு மேசைக்கரண்டிக்கு மூன்றரை கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுடும்போது இந்த இனிப்பே தொல்லை தரும். ஒகேனக்கல்லில் மீனுக்குத் தடவும் மிளகாய் மசாலாவில் இனிப்பு கிடையாது, அதனால் முதலிலேயே தடவிப் பொரிக்கலாம். நம் சாஸை முதலிலேயே தடவினால் மேலே கரியாகும், உள்ளே வேகாது. உப்பு, மிளகாய், எலுமிச்சை தடவிச் சுட்டு, வெந்த பிறகு கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு முறை சாஸைப் பூசுங்கள். பச்சைக் கோழியைத் தொட்ட தூரிகையை மறுபடி பாட்டிலுக்குள் விடக் கூடாது. வேண்டியதைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். சைவத்துக்குப் பன்னீரைவிட மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இதற்குப் பொருத்தம். என் பேத்தி கேழ்வரகு தோசைக்குத் தொட்டுக்கொள்கிறாள். அமெரிக்கர்கள் மன்னிக்கட்டும்.

மேசையில் இரண்டு கிண்ணம் வைத்திருக்கிறேன். இடது பக்கம் இருப்பது காரம் குறைத்தது, பிள்ளைகளுக்கு. இரண்டிலும் பூண்டு உண்டு, மீன் கிடையாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளவும், மோர் சூடாவதற்குள்... மன்னிக்கவும், மோரின் குளிர்ச்சி போவதற்குள் எல்லோரும் வாருங்கள்.