வலி நீங்குதல் நலமாகாது



போடிநாயக்கனூரில் வாழும் நமக்கு மலை என்பது தொலைவில் நின்று காணும் காட்சியன்று. அன்றாடம் ஏறி இறங்கும் வழி. போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டம் செல்வோர், மழையில் நனைந்த சரிவிலேயே நாள் முழுதும் நடக்கின்றனர். ஊன்றிய பாதம் நிலைத்து நிற்க, உடல் மட்டும் சட்டெனத் திரும்பினால், முழங்காலினுள் இருக்கும் ஏ.சி.எல். என்னும் தசைநார் அறுந்துவிடக்கூடும். இதனையே நாம் ‘ஜவ்வு கிழிந்தது’ என்கிறோம்.

அறுவை மருத்துவர் பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து அவ்விடத்தில் பொருத்துகிறார். பொருத்திய நாண் முதலில் வலுக்குன்றும். புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்த பின்னரே மெல்ல உறுதி பெறும். இரண்டு மூன்று திங்களில் வலி தணிந்துவிடும். நாணோ இன்னும் முதிர்ந்திராது. ‘வலி போயிற்று, இனிப் பயிற்சி எதற்கு?’ என்று பலர் கைவிடுவது அப்போதுதான். இடர் மறைந்திருப்பதும் அங்கேதான்.

இயன்முறை மருத்துவர் முதல் வாரங்களில் முழங்காலை முழுதும் நீட்டவும், தொடையின் முன்தசையை இறுக்கித் தளர்த்தவும் பழக்குவார். அத்தசையே இறக்கத்தில் நம் எடையைத் தாங்கி நிறுத்துவது. படியேறுகையில் நல்ல கால் முதலில். இறங்குகையில் அறுவை செய்த கால் முதலில். ஆலயத்தில் சம்மணமிட்டு அமர்வதற்கும் மருத்துவரின் இசைவு வேண்டும். ஓடித் திரும்பும் விளையாட்டுகளுக்கு ஒன்பது மாதமேனும் காத்திருத்தல் நன்று.

கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கினார். 2023 ஜனவரியில் மும்பையில் முழங்கால் தசைநார் அறுவை நடந்தது. அவர் மீண்டும் போட்டியில் ஆடியது 2024 மார்ச்சில்தான். சிறந்த மருத்துவரும் பயிற்சியாளரும் உடனிருந்த இளைஞருக்கே ஓராண்டுக்கு மேலாயிற்று. அவ்வாறிருக்க, தோட்டத் தொழிலாளியை இரண்டு மாதத்தில் சரிவுக்கு அழைப்பது முறையாகுமா?

தோட்டம் உடையோரும் ஏல வணிகரும் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அறுவை முடிந்து வருபவருக்குச் சில மாதங்கள் சமதளத்தில், நாற்காலியில் அமர்ந்து காய் தரம் பிரிக்கும் பணியைக் கொடுங்கள். இயன்முறை மருத்துவரைக் காணச் செல்லும் நாளின் கூலியைப் பிடித்தம் செய்யாதீர்கள். இல்லத்தாரும் ‘அசையாமல் படு’ என்று தடுக்காமல், நாள்தோறும் பயிற்சிக்குத் துணை நில்லுங்கள். பொருத்திய நாண் உறுதிபெறக் காலம் வேண்டும். அக்காலத்தை அவருக்கு அளிக்க வேண்டியவர்கள் நாமே.