முதிர்ந்த பால்மரம் சொல்லும் பாடம்



ஒரு பொருள் உழைத்து ஓய்ந்தபின் அதை என்ன செய்வது? தொழிற்சாலைகள் இன்று கேட்கும் இக்கேள்விக்கு, நாம் நன்கறிந்த பால்மரமே விடை சொல்கிறது.

ரப்பர் மரத்துக்கு 25, 30 வயதானால் பால் குறையும்; வெட்டுக்கூலிக்கும் கட்டாது. ஆகவே பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். முன்னாளில் சாய்த்த மரம் பெரும்பாலும் தீக்கே இரையாயிற்று. காட்டிலேயே எரித்தது போக, மிஞ்சியது புகைவீட்டுக்கும் அடுப்புக்கும் விறகாயிற்று.

நமது பிறையில் அதற்கு வேறொரு பயன் கிடைத்தது. 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை, ரப்பர் மரக் கரியைக் கொண்டு இரும்புத் தாதுவை உருக்கியது. அதற்கேற்ற நிலக்கரி நாட்டில் கிடைக்கவில்லை. முதிர்ந்த ரப்பர் மரமோ ஏராளம்.

ஆனால், கரி எரிந்தால் சாம்பல்தான். அதையே பலகையாக்கினால் பல ஆண்டு உழைக்குமே! அதற்கு ஒரு தடை இருந்தது. ரப்பர் மரத்தில் மாச்சத்து மிகுதி. சாய்த்த சில நாட்களில் பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டும் துளைக்கும். அறுத்த பலகையைத் தாமதியாமல் போரான் உப்புக் கரைசலில் அழுத்தி ஊட்டி, சூட்டறையில் உலர்த்தினால் அது கெடாது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். இன்று மலேசிய மரத் தளவாட ஏற்றுமதிக்கு முக்கிய மூலப்பொருள் இந்த மரமே.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். நல்ல நடுமரம் மேசை நாற்காலிக்கு. கிளையும் துண்டும் நொறுக்கி அழுத்திய பலகைக்கு. எதற்கும் உதவாத தூளும் சிம்பும் கொதிகலனுக்கு. தீ கடைசியில்தான் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. சாய்த்தபின் யோசித்தால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். லாரியும் அறுப்பாலையும் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும். பாலுக்கும் பலகைக்கும் சேர்த்தே ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசைக் கன்றுகளை உருவாக்கினார்கள். கன்றை நடும்போதே அதன் முடிவையும் எண்ணுகிறோம்!

நம் வீட்டுக்கும் இதுவே வழி. பழைய வானொலியைப் பழுது பார்க்கலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா என்று முதலில் பாருங்கள். செம்புக்காக மின்கம்பியை எரிக்காதீர்கள். அந்த நச்சுப்புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். கார் பேட்டரியை உடைக்காதீர்கள். அதிலுள்ள ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். அதை வாங்கிக்கொள்ளும் கடையில் முழுதாகவே ஒப்படையுங்கள்.

புதிய பொருள் வாங்கும்போதே, "இது ஓய்ந்தால் எங்கே போகும்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.