பெண்ணின் உடம்பும் ஈஸ்ட்ரோஜன் ஓமோனும்

(மட்டக்களப்பு செட்டிபாளையத்தில், மலையகத் தோட்டங்களிலிருந்து வந்திருந்த குடும்பங்களுக்கு ஓய்வுபெற்ற குடும்பநல மாது ஒருவர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறீங்க. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் எங்கட செட்டிபாளையம். உங்கட ஊரும் எங்கட ஊரும் ஒன்றுக்கொன்று எந்த வகையிலும் ஒத்துப்போகாது. ஆனால் இங்கே வயலில் நிற்கிற பெண்ணுக்கும், அங்கே மலையில் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கும் உடம்புக்குள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். இது வெட்கப்படுகிற பேச்சு அல்ல. ஆண்களும் எழுந்து போகாமல் இருந்து கேளுங்க.

முதலில், ஓமோன் என்றால் என்ன? தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு சீட்டு எழுதி அனுப்புகிறார்கள். அது பல பேரைக் கடந்துதான் போகும். ஆனாலும் யாருக்கு எழுதப்பட்டதோ அவர் மட்டுந்தான் அதன்படி வேலை செய்வார். ஓமோனும் அப்படித்தான். ஓர் உறுப்பு அதைச் சுரந்து இரத்தத்தில் விடும். இரத்தம் அதை உடம்பு முழுக்கக் கொண்டுபோகும். அதை வாங்கிக்கொள்ளக்கூடிய இடங்கள் மட்டும் அதன் சொற்படி நடக்கும்.

பெண்ணுக்குக் கருப்பையின் இரண்டு பக்கமும் வாதுமைக் கொட்டை அளவில் இரண்டு சூலகங்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் அங்கேதான் உண்டாகிறது. கொஞ்சம் கொழுப்பிலும் உண்டாகும். இதை முதன்முதலில் தூய பொருளாகப் பிரித்தெடுத்தது 1929இல். அமெரிக்காவில் டொய்சியும் ஜெர்மனியில் பூட்டெனான்ட்டும் தனித்தனியே கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார்கள்.

ஒரு பிள்ளை பெரியபிள்ளையாகிற காலத்தில் மார்பு வளருவதும், இடுப்பு அகலுவதும், சடசடவென்று உயருவதும் இந்த ஓமோன் கூடுவதால்தான். அந்த நேரத்தில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கிறோமே, அது நல்ல வழக்கம். ஆனால் சடங்கு முடிந்ததும் நிறுத்திவிடுகிறோம். அதுதான் சரியில்லை. எலும்பு பலமாகிற வருசங்கள் அவை. எலும்பு உங்கட சேமலாப நிதி மாதிரி. இளமையில் போட்டால்தான் முதுமையில் எடுக்கலாம்.

ஆண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் உண்டு என்றால் நம்புவீங்களா? 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவருடைய உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருந்தது, ஆனால் அதை உடம்பால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அதனால் அந்த வயதிலும் எலும்பு நுனிகள் மூடாமல் அவர் வளர்ந்துகொண்டே இருந்தார். அப்படியிருந்தும் எலும்பு பலவீனமாக இருந்தது. ஆண் எலும்புக்கும் இது தேவை என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

மாதவிடாய்க்கு வருவோம். ஒவ்வொரு மாதமும் ஈஸ்ட்ரோஜன் கூடக்கூடக் கருப்பையின் உட்தோல் தடிக்கிறது. பிறகு சூலகத்திலிருந்து முட்டை வெளியாகிறது. அதன்பின் புரோஜெஸ்டரோன் என்ற இன்னொரு ஓமோன் வந்து அந்தத் தோலைக் கருவுக்கு ஆயத்தமாக்குகிறது. கரு தங்காவிட்டால் இரண்டு ஓமோனும் இறங்கிவிடும். தடித்த தோல் இரத்தத்தோடு கழிந்துவிடும். இதில் தீட்டும் இல்லை, அசுத்தமும் இல்லை. ஆனால் மாதாமாதம் இரத்தம் போவதால் இரும்புச்சத்து வேண்டும். அதனால்தான் சாப்பாட்டோடு பிளேன்டீ குடிக்காதீங்க என்கிறோம். தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்க.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நச்சுக்கொடியே ஏராளமாக ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். பிறந்து நச்சுக்கொடி விழுந்ததும் அது சட்டென்று இறங்கும். அப்போதுதான் பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கும். ஆகவே கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய், பக்கத்து லயத்து அக்காவின் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது. அதில் ஈஸ்ட்ரோஜன் கலந்திருக்கலாம், பால் குறையலாம். பால் கொடுக்கிறவர்களுக்கு வேறு முறைகள் இருக்கின்றன. மருத்துவிச்சியிடம் கேளுங்க.

இனி ஒபரேஷன். தோட்டங்களில் கருத்தடை ஒபரேஷன் செய்துகொண்ட தாய்மார் நிறையப் பேர். “ஒபரேஷன் செய்த நாளிலிருந்து ஓமோன் போச்சு, உடம்பு விழுந்துபோச்சு” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஒபரேஷனில் குழாய்களைத்தான் கட்டி வெட்டுகிறார்கள். சூலகத்தைத் தொடுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் வழக்கம்போலச் சுரக்கும். களைப்பு இருந்தால் அது இரத்தச்சோகையாக இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும். ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த ஒபரேஷனைச் செய்வதா இல்லையா என்று தீர்மானிப்பது அந்தப் பெண்தான். புருசனோ மாமியாரோ உத்தியோகத்தரோ அல்ல. எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போடவேண்டும்.

கருப்பையை மட்டும் எடுத்தவர்களுக்கும் சூலகம் இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். இரண்டு சூலகங்களையும் எடுத்தால்தான் ஒரே நாளில் நின்றுபோகும். அதனால் ஆஸ்பத்திரியில் என்ன எடுத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்து வையுங்க. துண்டைப் பத்திரப்படுத்துங்க.

சாதாரணமாக 45க்கும் 55க்கும் இடையில் சூலகம் தன் வேலையை நிறுத்திவிடும். தொடர்ந்து ஒரு வருசம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் திடீரென்று முகமும் நெஞ்சும் சுடும். இராவில் வேர்த்து நனைந்து எழும்புவீங்க. நித்திரை வராது, காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வரும். உறவின்போது நோகும். சிறுநீர் எரியும். வீட்டில் “இவளுக்குப் பேய் பிடிச்சிருக்கு” என்பார்கள். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் இறங்குவதுதான் காரணம். ஐயாமார் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது ஏச்சு அல்ல, ஆதரவு.

வெளியில் தெரியாத மாற்றமும் உண்டு. நம் எலும்பு தினமும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைவதைக் கட்டுப்படுத்தி வைப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் முதல் சில வருசங்களில் எலும்பு வேகமாகத் தேயும். சரிவான மலையில், மழையில், கூடையோடு வழுக்கி விழுகிற உங்களுக்கு இது சின்ன விசயம் அல்ல. இளம் பெண் விழுந்தால் கை சிராய்க்கும், வயதான தாய் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். இருதய நோயின் ஆபத்தும் இந்த வயதுக்குப் பிறகு கூடுகிறது.

அப்படியென்றால் ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகப் போடலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் எல்லோருக்கும் அல்ல. அமெரிக்காவில் 16,000க்கு மேற்பட்ட பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002இல் இடையில் நிறுத்தப்பட்டது. எலும்பு முறிவு குறைந்தது, ஆனால் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடின. இன்றைக்கு மருத்துவர்கள் கடுமையான உபாதை உள்ளவர்களுக்கு, வயதையும் உடம்பையும் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீங்க.

நம்மால் செய்யக்கூடியவை இருக்கின்றன. முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி, முருங்கைக்கீரை, எள்ளு, குரக்கன், பால், எங்கட மட்டக்களப்புத் தயிர் எல்லாவற்றிலும் கல்சியம் உண்டு. காலையும் முகமும் வெயில் படட்டும். சுருட்டு, புகையிலையை விடுங்க.

கடைசியாக, மறக்கக்கூடாதது ஒன்று. மாதவிடாய் நின்று ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். “திரும்பவும் இளமை வந்திட்டுது” என்று சிரித்துக்கொண்டு இருக்கக்கூடாது. அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். நேரத்தோடு கண்டால் குணப்படுத்தலாம். மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் அப்படித்தான். வலி இல்லை என்று விட்டுவிடாதீங்க.

1996 முதல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதான பெண்கள் கட்டாயம் போகவேண்டும். இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். ஒரு நாள் பேர் போகுமே என்று தயங்குகிறீங்க. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு நாளைத் தள்ளிப்போட்டால், பிறகு எத்தனையோ நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க நேரிடும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஒரே லயத்தில் நாலு பேராகச் சேர்ந்து போங்க. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக உங்கட மருத்துவிச்சியிடம் கிளினிக் நாளைக் கேட்டு வையுங்க.