காட்டுத் தேனும் மனமாற்றமும்

(திருவருகைக் காலம் இரண்டாம் ஞாயிறு வானொலி மறையுரை. வாசகங்கள்: எசாயா 11:1-10, உரோமையர் 15:4-9, மத்தேயு 3:1-12)



இன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் நம்முன் வந்து நிற்கிறார். ஒட்டக மயிராடை, இடையில் தோல்கச்சை, உணவுக்கு வெட்டுக்கிளியும் காட்டுத் தேனும். அவருடைய குரலைப் பற்றி நாம் பலமுறை சிந்தித்திருக்கிறோம். அவருடைய சாப்பாட்டைப் பற்றி அவ்வளவாகச் சிந்தித்ததில்லை. இன்று அந்தத் தேனைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இன்று டிசம்பர் 7. ஞாயிறாக இல்லாதிருந்தால் திரு அவை இன்று புனித அம்புரோசியாரை நினைவுகூர்ந்திருக்கும். 4ஆம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராக இருந்தவர் அவர். தொட்டிலில் கிடந்த குழந்தையின் முகத்தில் தேனீக் கூட்டமொன்று வந்து அமர்ந்து, கொட்டாமல் பறந்துபோனது என்று அவரைப் பற்றி ஒரு மரபுக்கதை சொல்வார்கள். அதனால் தேனீ வளர்ப்போருக்கு அவரே பாதுகாவலர்.

இரண்டாவது காரணம், நாம் வாழும் இடம். போடிநாயக்கனூரில் இருக்கிறோம். நம் ஊர் பிழைப்பது ஏலக்காயால். விடியுமுன்னே நம் சகோதர சகோதரிகள் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து, முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். மேலே விளைவது கீழே வந்து தரம் பிரிக்கப்படுகிறது, ஏலம் போகிறது, ஊர் ஊராக அனுப்பப்படுகிறது. வியாபாரி, சுமைதூக்குபவர், காய் பொறுக்கும் பெண்கள், டீக்கடைக்காரர் என எல்லார் வீட்டு அடுப்பும் ஏதோ ஒரு வகையில் அந்தப் பச்சைக் காயால்தான் எரிகிறது.

அந்தக் காய் எப்படி உண்டாகிறது? தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஏலச்செடி உச்சியில் பூப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் பூக்கிறது. வெள்ளைப் பூ, இதழில் ஊதா வரிகள். காலையில் விரியும் அந்தப் பூவுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆயுள். மகரந்தம் தானாகப் போய்ச் சேருவது அரிது. அந்த ஒரு நாளுக்குள் தேனீ வந்து கொண்டுசேர்க்க வேண்டும். வராவிட்டால் பூ வாடி உதிரும். அந்த இடத்தில் காய் இல்லை.

தோட்டக் கணக்கில் கூலி வரும், உரம் வரும், மருந்து வரும், ஜீப் வாடகை வரும், காய் உலர்த்தும் ஸ்டோர் செலவு வரும். தேனீயின் கூலி மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. சீராக்கின் ஞானநூல் பதினொன்றாம் அதிகாரத்தில், பறப்பவற்றுள் தேனீ மிகச் சிறியது என்றும், அது தரும் இனிமைக்கு ஈடில்லை என்றும் ஞானி நினைவூட்டுகிறார். தோற்றத்தைக் கொண்டு யாரையும் எடை போடாதே என்பதற்கு அவர் காட்டும் சான்று அது.

அன்பர்களே, சென்ற மாதம் நாங்கள் சிலர் மலைச்சரிவில் ஒரு சிறு தோட்டத்துக்குப் போயிருந்தோம். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, நடுவே பத்துப் பதினைந்து தேனீப் பெட்டிகள். பெரியவர் எங்களை வரவேற்று, ஒரு பெட்டியைத் திறந்து, சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். “இந்தப் பெட்டிக்கு ஒரு சாமியார் பேருதான் சாமி” என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரி. அதற்கு நியூட்டன் பெட்டி என்றே பெயர். இயேசு சபைக் குருவான அருள்பணியாளர் நியூட்டன், 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் தென்னிந்தியக் கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர். நம் நாட்டு அடுக்குத் தேனீயின் அளவுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற பெட்டியை வடிவமைத்தவர். கூட்டை வெட்டிப் பிழிந்தால் தேனோடு புழுக்களும் அழியும். சட்டம் வைத்த பெட்டியிலோ தேனை மட்டும் சுழற்றி எடுத்துவிட்டு, அடையைத் தேனீக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எடுக்கும்போதும் அழிக்காமல் எடு என்பதை அந்தக் குரு ஒரு மரப்பெட்டியைக் கொண்டே மக்களுக்குப் போதித்திருக்கிறார்.

பெரியவரின் தகப்பனார் காலத்தில் இன்னும் நிறையப் பெட்டிகள் இருந்தனவாம். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அவர்கள் வீட்டுப் பெட்டிகளும் காலியாயின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இவர் மீட்டெடுத்திருக்கிறார்.

“தேன் இருக்கா ஐயா?” என்று கேட்டோம். “கோடையில எடுத்ததுல நாலு பாட்டில்தான் மிச்சம் சாமி. இப்ப எடுக்க மாட்டேன். மழை மாசத்துல பூ இருக்காது. சர்க்கரைத் தண்ணி வெச்சுக் காப்பாத்துறேன். அது தேனீ பிழைக்க. அதை எடுத்துத் தேன்னு வித்தா ஆண்டவர் மன்னிப்பாரா?” என்றார்.

நம்மில் பலர் தேன் வாங்கும்போது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறோம். தீக்குச்சியை நனைத்துக் கொளுத்திப் பார்க்கிறோம். எறும்பு வருகிறதா என்று பார்க்கிறோம். இவை எதையும் நம்ப முடியாது. தேன் உறைந்தால் சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்கிறோம். நல்ல தேனும் உறையும். 2020 டிசம்பரில் டில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்த முடிவை வெளியிட்டது. வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்ட 22 மாதிரிகளில் எல்லாச் சோதனைகளிலும் தேறியவை ஐந்துதான். நிறுவனங்கள் அதை மறுத்தன. ஆனால் ஒன்று புரிகிறது: ஆய்வுக்கூடத்துக்கே சிரமமான காரியத்தைத் தீக்குச்சியால் கண்டுபிடித்துவிட முடியாது. “இப்போது இல்லை” என்று சொல்லத் தெரிந்த ஒருவரின் முகத்தைப் பார்த்து வாங்குவதே நமக்கு எட்டுகிற நல்ல சோதனை.

விடைபெறும்போது அவர் சொன்னதுதான் எங்கள் நெஞ்சில் தங்கிவிட்டது. “பக்கத்துத் தோட்டத்துல மருந்து அடிச்ச அன்னைக்கு மூணு பெட்டி போச்சு சாமி. வாசல் முழுக்கக் குவிஞ்சு கிடந்துச்சு. முந்தின நாளு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராத்திரியே வாசலை அடைச்சிருப்பேன். யாரும் சொல்றதில்ல.” “நீங்க போய்க் கேட்கலையா ஐயா?” என்றோம். “எப்படிக் கேக்குறது? நம்ம பிள்ளைகளே அங்கதான் வேலை பாக்குது” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார்.

அன்பர்களே, பூச்சிக்கொல்லியை நாம் ‘மருந்து’ என்கிறோம். செடிப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் பயந்து அடிக்கிறோம். விளைச்சல் போனால் கடன் கழுத்தை நெரிக்கும் என்பதும் உண்மை. தோட்டக்காரரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் பூ விரிந்திருக்கும் காலை வேளையில் அடிக்கும் மருந்து, காயை உண்டாக்க வந்த தேனீயையும் கொல்கிறது. தெளிப்பானை முதுகில் சுமக்கும் நம் சகோதரனின் மூச்சிலும் அது ஏறுகிறது. இன்றைய முதல் வாசகத்தில் எசாயா ஒரு மலையைக் காட்டுகிறார். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து வாழும், ஒருவருக்கொருவர் ஊறு செய்யாத ஆண்டவரின் திருமலை அது. நம் மலை அப்படி இருக்கிறதா? ஒரு வார்த்தை சொல்லாததால் மூன்று குடும்பம் தேனீக்கள் மடிகின்றன. வேலை போய்விடும் என்ற பயத்தால் ஒரு முதியவர் வாய் திறக்காமல் இருக்கிறார். அந்த மௌனமும் ஊறுதான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடல் நமக்குக் கற்றுத்தந்தது இதையே: படைப்பில் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை, பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் தனித்தனி அல்ல. அம்புரோசியாரும் அப்படித்தான் போதித்தார். பூமி எல்லாருக்கும் பொதுவாகத் தரப்பட்டது; ஏழைக்கு நாம் கொடுப்பது தருமம் என்பதைவிட அவருக்குரியதைத் திருப்பிக் கொடுப்பதே என்று செல்வர்களின் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்.

யோவானிடம் வந்த மக்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதாக லூக்கா எழுதுகிறார். யோவான் பொதுவாகப் பதில் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவருக்கு ஒன்று, வரி வசூலிப்பவருக்கு ஒன்று, படைவீரருக்கு ஒன்று என அவரவர் தொழிலுக்கு ஏற்றபடி சொன்னார். நாமும் அவரிடம் கேட்போம்.

வாங்குகிறவர்கள் நாம் என்ன செய்வது? திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, மலையிலிருந்து ஒருவர் தேன் பாட்டில்களோடு உட்கார்ந்திருந்தால் உடனே பேரம் பேசுகிறோம். கடையில் அச்சடித்த விலையைக் கேள்வி கேட்காமல் கொடுப்பவர்களும் நாம்தான். வாங்கும்வரை பொருளை மட்டம் தட்டிவிட்டு, வாங்கியபின் மலிவாகக் கிடைத்ததென்று பெருமையடிக்கும் மனிதனை நீதிமொழிகள் இருபதாம் அதிகாரம் படம்பிடித்திருக்கிறது. அது நம் படம்தான். ஒரு வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நாம் நக்கும் ஒரு கரண்டியில் பன்னிரண்டு ஆயுள் இருக்கிறது. அதைக் காத்தவருக்கு அவர் கேட்கும் நியாயமான விலையைக் கொடுப்போம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அன்பியங்கள் சேர்ந்து, நம் மலைச்சரிவில் பெட்டி வைத்திருப்போரிடம் கோடைத் தேனுக்கு இப்போதே சொல்லிவைக்கலாம். முடிந்தால் முன்பணம் கொடுக்கலாம். மழை மாதத்தில் அந்தப் பணம் அவர்களைத் தாங்கும்.

விற்கிறவர்களே, கலப்படம் இல்லாத ஒரு பாட்டில் உங்கள் நற்செய்தி அறிவிப்பு. தோட்டம் வைத்திருப்பவர்களே, பூக்காலத்தில் காலையில் மருந்து வேண்டாம். தவிர்க்கவே முடியாதபோது தேனீ கூட்டுக்குத் திரும்பிய பின் மாலையில் அடியுங்கள். முந்தின நாளே பக்கத்துக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. தாய்மார்களே, ஒரு அன்பான எச்சரிக்கை: பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வயது முடியும்வரை தேன் கொடுக்கவே கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. எவ்வளவு சுத்தமான தேனானாலும் அப்படித்தான்.

மனமாற்றத்தை அதற்கேற்ற கனியில் காட்டுங்கள் என்று யோவான் கேட்கிறார். நம் ஊரில் அந்தக் கனி ஏலக்காயாகவும் இருக்கலாம், ஒரு பாட்டில் தேனாகவும் இருக்கலாம். வரும் பாஸ்கா இரவில் பெரிய திரியை ஏற்றிப் பாஸ்கா புகழுரை பாடும்போது, திரு அவை தேனீக்களின் உழைப்பையும் நினைத்து இறைவனுக்கு நன்றி சொல்லும். அதற்குள் நம் சரிவில் இன்னும் எத்தனை பெட்டிகளில் ரீங்காரம் கேட்கும் என்பது நம் கையிலும் இருக்கிறது.

செபிப்போம். அன்புத் தந்தையே, சிறியவற்றைக் கொண்டு பெரியவற்றைக் காக்கிறீர். எங்கள் மலையையும், அதில் உழைக்கும் கைகளையும், சின்னஞ்சிறு சிறகுகளையும் ஆசீர்வதியும். எங்கள் தராசில் நேர்மையையும், எங்கள் நாவில் அண்டை வீட்டாருக்கான நல்ல வார்த்தையையும் தாரும். புனித அம்புரோசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.