காப்பீட்டில் கட்டாயம் எதுவரை?

(சங்க ஆண்டு விழாவின் விவாத அரங்கில் ஆற்றிய உரை)



மருத்துவக் காப்பீட்டை அரசாங்கம் கட்டாயமாக்குவது முறையே என்று, எனக்கு முன்னர் நண்பர் அழகுறப் பேசி அமர்ந்தார்கள். அவர்களுக்கு எதிரணியில் நிற்கும் கடமை எனக்கு வாய்த்தது. கடமை மட்டுமன்று, என் கருத்தும் அதுவே. அரசாங்கத்தின் கை எதுவரை நீளலாம் என்ற கேள்வியை ராஜாஜி அவர்கள் 1959-இல் சுதந்திராக் கட்சியின் வாயிலாக நாடெங்கும் எழுப்பினார்கள். அக்கேள்வியை ஓர் ஏழைத் தொழிலாளியின் சம்பளச் சீட்டின்மீது வைத்துப் பார்க்கவே இங்கு வந்துள்ளேன்.

சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பேராசிரியர் அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பெற்றது. நாம் எல்லோரும் ஈ.எஸ்.ஐ. என்று வழங்குவது அதனையே. 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் பண்டித நேரு அதனைத் தொடங்கிவைத்தார். அதே நாளில் நம் தில்லியிலும் அது தொடங்கிற்று. அன்று அது செய்யத்தக்க செயலே. ஆலைத் தொழிலாளி ஒருவன் நோய்க்குக் காப்பீடு வாங்க எண்ணினாலும் விற்பாரைக் காண்பது அரிது. பொதுத்துறைக் கம்பெனிகளின் 'மெடிக்ளெய்ம்' வந்ததே 1986-இல்தான். தனியார் கம்பெனிகள் நுழைந்தது 2000-க்குப் பின்னர். வேறு கடை இல்லாத ஊரில், இருக்கும் ஒரு கடைக்குப் போ என்பது பெருங்குற்றமாகாது. கடைகள் பல திறந்த பின்னரும் அந்த ஒரு கடைக்கே போ என்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளியின் பங்கு 0.75. மாதம் 20,000 ரூபாய் பெறுபவன் 150 ரூபாய் கட்டுகிறான். அவன் பொருட்டு முதலாளி 650 ரூபாய் கட்டுகிறார். ஆண்டுக்கு 9,600 ரூபாய். முதலாளி கொடுப்பது இனாம் என்று பலர் கருதுகின்றனர். ஆளை அமர்த்தும்போதே அச்செலவையும் கூட்டித்தான் எந்த முதலாளியும் கணக்கிடுவார். இச்சட்டம் இல்லையேல் அத்தொகையின் பெரும்பகுதி, இன்றில்லாவிடினும் நாளை, கூலியாகவே வந்து சேரும் என்பது என் துணிபு. ஆகவே 9,600 ரூபாயும் தொழிலாளியின் உழைப்பே. அதை எங்குச் செலுத்துவது என்று அவனை ஒருவரும் கேட்பதில்லை.

இதனினும் வருத்தத்தக்கது வேறொன்று உண்டு. 2017 சனவரியில் இத்திட்டத்தின் ஊதிய வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. வரம்பு எதுவாயினும் விளைவு ஒன்றே. ஓக்லாவிலும் நொய்டாவிலும் பணிபுரியும் நம் பிள்ளை ஒருவனுக்கு ஊதிய உயர்வு கிடைத்து வரம்பைத் தாண்டிவிட்டால், அப்போதைய பங்களிப்புக் காலமும் அதற்குரிய பயன்காலமும் கழிந்தபின், அவன் திட்டத்துக்கு வெளியே. பத்தாண்டுகள் கட்டியிருப்பான், அதற்குள் சர்க்கரை நோயும் வந்திருக்கும். புதிய பாலிசி வாங்கப் போனால், முன்னரே உள்ள நோய்க்கு மூன்றாண்டுகள் வரை காத்திரு என்பர். காப்பீடு சேமிப்பன்று, கட்டியது திரும்ப வராது என்பதை நான் அறிவேன். ஆனால் 2011 முதல், ஒரு கம்பெனியை விட்டு மற்றொன்றுக்கு மாறுபவர் காத்திருந்த காலத்தையும் உடன் கொண்டுசெல்லலாம். ஈ.எஸ்.ஐ.யில் கழித்த பத்தாண்டுகளுக்கு அந்த மதிப்பும் இல்லை. சம்பளம் உயர்ந்ததற்கு இப்படியும் ஒரு பரிசு!

இனி நண்பரின் வலிமையான வாதத்துக்கு வருகிறேன். கட்டாயம் இல்லையேல் நோயுற்றவர் மட்டுமே சேர்வர், கட்டணம் ஏறும், ஏறக்கண்டு நலமுடையோர் விலகுவர், முடிவில் காப்பீடே குலையும் என்றார்கள். இது உண்மையான இடர். நான் அதனை எள்ளி நகையாடேன். எனினும் அதற்கு மருந்து ஒற்றைக் கடை அன்று. சுவிட்சர்லாந்தில் 1996 முதல் யாவரும் காப்பீடு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் உள்ளது. ஆனால் எந்தக் கம்பெனி என்பது குடிமகனின் விருப்பம். அடிப்படைக் காப்பீட்டை நோயாளி என்று கூறி எக்கம்பெனியும் மறுத்தல் கூடாது. நோயாளர் மிகுந்த கம்பெனிக்கு, நலமுடையோர் மிகுந்த கம்பெனி ஈடு கொடுக்கிறது. கட்டணம் கடுமையாக ஏறியதென்று அங்கும் முறையீடு உண்டு. ஆயினும் 2014-இல் ஒரே அரசு நிறுவனம் போதுமா என்று மக்களிடம் வாக்கு கேட்டபோது நூற்றுக்கு ஏறத்தாழ 62 பேர் வேண்டா என்றனர்.

இங்கும் அக்கதவு ஒருமுறை சற்றே திறந்தது. 2015 பிப்ரவரியில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி தம் வரவு செலவு உரையில், தொழிலாளி ஈ.எஸ்.ஐ.யையோ அங்கீகாரம் பெற்ற மருத்துவக் காப்பீட்டையோ தெரிந்துகொள்ளும் உரிமை பெறவேண்டும் என்றார். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சட்டம் வரவில்லை; 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அவ்வுரிமை இடம்பெறவில்லை.

தொழிற்சங்கத்தாரின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று கூறமாட்டேன். ஈ.எஸ்.ஐ. நோயுற்றவனுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் நூற்றுக்கு 70 பங்கு பணமாகவே தருகிறது. குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. கடையில் விற்கும் பாலிசிகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பேசும். ஆகவே ஈ.எஸ்.ஐ.யை மூடுங்கள் என்பது என் வாதமன்று. விரும்புவோர் அங்கேயே இருக்கட்டும். நண்பர் கூறுமளவு அது சிறந்ததாயின் விலகுவோர் யார்? விலகுவோர் பலராயின், அவர்களை அங்கே நிறுத்தியிருந்தது எது?

மத்திய அரசு ஊழியரான நம்மில் பலர்க்கு, 1954-இல் இதே தில்லியில் பிறந்த சி.ஜி.எச்.எஸ். அட்டை இருக்கிறது. சர்க்கார் டிஸ்பென்சரி மட்டுமே போதும் என்று நாம் இருந்துவிட்டோமா? பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளுள் எது நல்லது என்று மாலை நடையில் ஆராய்வது நம் காலனியின் நித்திய வழக்கம். நமக்குச் சுவைக்கும் அத்தெரிவு, நம் வாயிலில் நிற்கும் காவலாளிக்கு மட்டும் கசக்குமோ? எனக்குப் பின் பேசவிருக்கும் அம்மையார் அவர்கள் இவ்வொரு வினாவுக்கேனும் விடை கூறியருள வேண்டுகிறேன்.